‘இன்னைக்குப் பறக்க முடியாது சார்!’

கள்ளிக்குப்பத்தில் மலை கிடையாது. கொஞ்சம் தள்ளிப் போனால் புழல் ஏரி உண்டு. இந்தப் பக்கம் அம்பத்தூர் எஸ்டேட், அந்தப் பக்கம் விடிய விடிய லாரி ஓடும் பைபாஸ். ஏறி நிற்க ஒரு குன்றுகூட இல்லாத இந்த ஊரிலிருந்து இப்போது வருஷா வருஷம் ஆட்கள் பாராகிளைடிங் செய்ய இமாசலத்தின் மணாலிக்கும் பீர் பில்லிங்குக்கும் கேரளத்தின் வாகமனுக்கும் போகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரோடு தங்களைப் பட்டையால் பிணைத்துக்கொண்டு மலைச்சரிவில் ஓடுகிறார்கள். கால் தரையை விட்டதும் அலறுகிறார்கள். அந்த அலறல் அன்று சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டும் தெரிந்த தம்பி ஒருவர் டீக்கடையில் அப்படியொரு வீடியோவைக் காட்டினார். கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு போன இமாசல டூர். முகம் முழுக்கச் சிரிப்பு, பின்னால் பனிமலை.

“எவ்ளோ நேரம்ப்பா மேல இருந்தே?”

“பதினஞ்சு நிமிஷம்ணா. செம ஃபீலு.”

“பட்டையெல்லாம் யார் மாட்டினது?”

“அவங்கதாண்ணா.”

“சரியா மாட்டியிருக்கான்னு பாத்தியா?”

“எனக்கென்னண்ணா தெரியும்? அவன் ‘ஓடு’ன்னான், ஓடினேன்.”

லேத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் வேலையைத் திருப்பி அனுப்பும் ஆள் அவர். தன் உயிரைத் தாங்கிய பக்கிள் எத்தனை என்று அவருக்குத் தெரியாது. குறை அவருடையதல்ல. இந்த வியாபாரம் நடக்கும் விதம் அப்படி. பத்து நிமிஷத்தில் மாட்டி, பதினைந்து நிமிஷத்தில் இறக்கி, அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். கேள்வி கேட்பவர் வரிசையைத் தாமதப்படுத்துபவர்.

துணியும் குழாயும்

எஞ்சின் இல்லாமல் பறக்கவைக்கும் இரண்டு கருவிகளை முதலில் பிரித்துப் பார்த்துவிடலாம். பாராகிளைடர் முழுக்கத் துணி. கம்பி, குழாய், சட்டம் எதுவும் கிடையாது. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு நைலான். நடுவே அறை அறையாகத் தடுப்பு. முன் விளிம்பில் திறந்த வாய்கள். ஓடும்போது அந்த வாய்கள் வழியே காற்று புகுந்து அறைகளை நிரப்ப, துணி விறைத்து இறக்கையாகிறது. அதிலிருந்து மெல்லிய நூல்கள் இறங்கி, பட்டைகளில் சேர்ந்து, நாம் உட்கார்ந்திருக்கும் ஹார்னஸில் முடிகின்றன. காத்தாடிக்கு சூத்திரம் கட்டத் தெரிந்த பையனுக்கு இதை விளக்கவே வேண்டாம். சூத்திரம் அரை அங்குலம் ஏறி இறங்கினால் காத்தாடி எப்படித் தலைகுத்துமோ, இங்கேயும் நூலின் நீளம்தான் இறக்கையின் கோணத்தைத் தீர்மானிக்கிறது. மொத்தத்தையும் மடித்தால் ஒரு பெரிய முதுகுப் பைக்குள் அடங்கிவிடும்.

ஹேங் கிளைடர் வேறு ஜாதி. அலுமினியக் குழாய்ச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய முக்கோணத் துணி. அதன் கீழே, முகம் தரையைப் பார்க்கக் குப்புறத் தொங்க வேண்டும். கையில் ஒரு குறுக்குக் கம்பி. கம்பியை உங்கள் பக்கம் இழுத்தால் மூக்கு தாழ்ந்து வேகம் கூடும். முன்னால் தள்ளினால் வேகம் குறையும். பயந்துபோன மனிதன் இயல்பாகச் செய்வது முன்னால் தள்ளுவதைத்தான். அளவுக்கு மீறித் தள்ளினால் இறக்கை தாங்கும் சக்தியை இழந்து விழும். அதனால் ஹேங் கிளைடிங்கில் முதலில் பழக்க வேண்டியது கையை அல்ல, பயத்தை. வேகத்திலும் தூரத்திலும் இது பாராகிளைடரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். தேர்ந்த பைலட் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவார். பாராகிளைடர் சாதாரணமாக 35, 40-ல் நகரும்.

பிறகு ஏன் எங்கே பார்த்தாலும் பாராகிளைடர்? மடித்தாலும் ஐந்து மீட்டர் நீளத்துக்கு நிற்கும் முப்பது கிலோ குழாய்க் கட்டை எந்தப் பஸ்ஸில் ஏற்றுவது! பையில் போட்டுத் தோளில் மாட்டும் பொருளிடம் அது தோற்றது. இந்தியாவிலும் அதே கதை. இன்று பாராகிளைடிங்கின் தலைநகராகப் பேசப்படும் இமாசலத்தின் பில்லிங்கில் 1984-ல் நடந்தது ஹேங் கிளைடிங் ராலி. அதே பில்லிங்கில் 2015 அக்டோபரில் இந்தியாவின் முதல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்தபோது குழாய் இறக்கையின் காலம் முடிந்திருந்தது.

இரண்டு கருவிகளுமே யாரோ சிக்கனம் பார்த்ததாலும் பிடிவாதம் பிடித்ததாலும் பிறந்தவை. ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால் 1891-லிருந்து இறக்கை கட்டிப் பறந்தார். பக்கத்தில் நல்ல குன்று இல்லையென்று 1894-ல் பெர்லின் ஓரத்தில் 15 மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டிக் குன்றே எழுப்பினார். (கள்ளிக்குப்பத்துக்காரர்கள் கவனிக்கலாம்.) இரண்டாயிரம் தடவைக்கு மேல் பறந்தவர், 1896 ஆகஸ்டில் ஒரு பலத்த காற்றில் நிலைகுலைந்து விழுந்து மறுநாள் இறந்தார். அமெரிக்காவின் பிரான்சிஸ் ரோகல்லோ 1948-ல் மனைவி கெர்ட்ரூடோடு சேர்ந்து உருவாக்கிய வளையும் இறக்கை, முதலில் கடையில் பொம்மைக் காத்தாடியாகத்தான் விற்றது; பின்னாளில் ஹேங் கிளைடர் அதிலிருந்து வளர்ந்தது. பாராகிளைடிங்குக்குப் பிறந்த ஊர் பிரான்ஸின் மியூஸி கிராமம். 1978-ல் அங்கே சில பாராசூட் வீரர்கள், விமானத்துக்கு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல், விரித்த பாராசூட்டோடு மலைச்சரிவிலேயே ஓடிப் பார்த்தார்கள். அது பறந்தது.

பருந்துக்குத் தெரிந்த கணக்கு

ஏப்ரல் மாதம் பதினோரு மணி வெயிலில் எஸ்டேட் பக்கம் அண்ணாந்து பாருங்கள். பட்டறைகளின் தகரக் கூரைக்கு மேலே பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமடித்தபடியே உயரம் ஏறிக்கொண்டிருக்கும். கூரையும் தார்ச்சாலையும் சூடாகி, மேலுள்ள காற்றைச் சூடாக்கி, அது தூண்போல மேலெழும்புகிறது. ‘வெப்பச்சலனம் காரணமாக ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்று வானிலை மைய ரமணன் காலத்திலிருந்து செய்தியில் கேட்டுப் பழகியிருக்கிறோமே, அதே வெப்பச்சலனம்தான். பைலட்டுகள் ‘தெர்மல்’ என்பார்கள்.

இறக்கைக்கு எஞ்சின் கிடையாது. அது எந்நேரமும் காற்றில் கீழ்நோக்கி வழுக்கிக்கொண்டே இருக்கும். பாராகிளைடர் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்கு இறங்கும். சுற்றியுள்ள காற்று நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஏறினால், மிச்சம் ஒரு மீட்டர் உங்களுக்கு லாபம். இன்னொரு வழி, மலைமீது மோதி மேல்நோக்கித் திரும்பும் காற்றின்மேல் சவாரி செய்வது.

லாபம் கொடுக்கும் காற்றே ஆளையும் விழுங்கும். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் உலகப் போட்டிக்காகப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஜெர்மனி வீராங்கனை ஏவா விஸ்னியர்ஸ்காவை ஓர் இடிமேகம் உறிஞ்சி 9,946 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனது. எவரெஸ்டைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரம். நாற்பது நிமிஷத்துக்கு மேல் நினைவில்லாமல், உடம்பெல்லாம் பனி உறைய மிதந்தவர் கண் விழித்துத் தாமே இறக்கையை இறக்கிப் பிழைத்தார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் பிழைக்கவில்லை. இருவருமே உலகத் தரத்துப் பைலட்டுகள். காலையில் மொட்டுவிடும் பஞ்சுமேகம் மத்தியானம் காலிஃபிளவராகக் கிளம்பினால் பைலட்டுகள் ஏன் இறக்கையைச் சுருட்டுகிறார்கள் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பில்லிங்கில் ஒரு மத்தியானம்

பீர் கிராமத்திலிருந்து 14 கிலோமீட்டர் ஜீப்பில் ஏறினால் பில்லிங். சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் ஒரு புல்வெளிச் சரிவு, பின்னால் தவுலாதார் மலை. இறங்கும் இடம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே. நல்ல சீசனில் கறுப்பும் சிவப்புமாக இறக்கைகள் புல்லில் விரிந்து கிடக்கும். பைலட்டுகளில் பலர் பீர், பைஜ்நாத் பக்கத்துப் பையன்கள். பயணிகளுக்கு அவர்கள் எடுக்கும் வகுப்பு ஒரே நிமிஷம்: “பாக்தே ரெஹ்னா, பைட்னா நஹி.” ஓடிக்கொண்டே இரு, உட்காராதே. உலகத்திலுள்ள எல்லா முதல்முறைப் பயணிகளும் செய்யும் தப்பு அதுதான். இறக்கை தலைக்கு மேலே வந்து தோளை லேசாகத் தூக்கியதும், பறந்துவிட்டோம் என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார்கள். இறக்கைக்கு வேண்டிய வேகம் இன்னும் வந்திருக்காது. இரண்டு பேர் எடையும் புல்லில் சறுக்கிக்கொண்டு போகும்.

நான் பார்த்த அந்த அக்டோபர் மத்தியானம் ஓடவே விடவில்லை. காற்றின் திசை காட்டும் காற்றுப்பை ஒரு நிமிஷம் சரிவை நோக்கி ஊதும், அடுத்த நிமிஷம் சோர்ந்து தொங்கும், பிறகு பின்பக்கமாகத் திரும்பும். முதுகிலிருந்து அடிக்கும் காற்றில் இறக்கை எழும்பாது. எழும்பினாலும் ஆளைக் கவிழ்க்கும். புல்லில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு சென்னைக் குடும்பம். அப்பா, அம்மா, காலேஜ் படிக்கும் பெண். பைலட் பையன் மேகத்தைப் பார்த்தான், காற்றுப்பையைப் பார்த்தான், தலையை ஆட்டிவிட்டு இறக்கையைச் சுருட்ட ஆரம்பித்தான். டூர் கைடு தமிழில் வந்து சொன்னார்: “இன்னைக்குப் பறக்க முடியாது சார். காத்து சரியில்லையாம்.”

“என்னங்க இது? நாளைக்குக் காலைல எங்களுக்கு பஸ்ஸு. பணம் கட்டியாச்சு.”

“பணம் திருப்பிக் குடுத்துடுவாங்க சார்.”

“பணத்துக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?”

அந்த அம்மா சும்மா இருங்க என்று கையைப் பிடிக்க, பேச்சு அதோடு நின்றது. ஆனால் பத்து நிமிஷத்தில் வேறொரு கம்பெனியின் பைலட் அதே சரிவிலிருந்து ஒரு பயணியோடு ஓடிக் கிளம்பிவிட்டார். “பாத்தீங்களா, அவன் போறான்ல!” என்று அப்பாவுக்கு மறுபடியும் கோபம். போனவர்கள் பத்திரமாகத்தான் இறங்கினார்கள்.

அதனால் சுருட்டிய பையன் தப்பு என்றாகிவிடுமா? சிக்னலை மீறிய வண்டிகளில் பெரும்பாலானவை வீடு போய்ச் சேர்ந்துவிடுகின்றன. நாம் கொடுக்கும் காசில், பறக்கவைக்கும் திறமைக்குப் பாதிதான். மறுபாதி, பறக்கவிடாமல் நிறுத்தும் அந்தத் தலையாட்டலுக்கு. பறந்தால்தான் கூலி என்ற ஏற்பாட்டில், தன் அன்றைய வருமானத்தை விட்டுக்கொடுத்து ‘முடியாது’ என்று சொல்லும் பைலட்டை வாடிக்கையாளர்களான நாம் திட்டித் திட்டியே, சொல்லாத பைலட்டாக்கிவிடுகிறோம். விபத்துச் செய்திகளில் இந்த அழுத்தம் ஒருபோதும் எழுதப்படுவதில்லை.

விபத்துகளைப் பேசாமல் இருக்க முடியாது. 2019 நவம்பரில் தேனிலவுக்குப் போன சென்னை இளைஞர் ஒருவர் குலு பக்கத்து டோபியில் பறக்கும்போது விழுந்து இறந்தார். பட்டை கழன்றதாக அப்போது செய்திகள் வந்தன. 2023 மார்ச் 7 அன்று கேரளத்தின் வர்க்கலை பாபநாசம் கடற்கரையில், கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு பெண்ணும் பயிற்றுநரும் உயர்கோபுர விளக்குக் கம்பத்தில் இறக்கையோடு சிக்கி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தொங்கினார்கள். கீழே வலை கட்டி, மெத்தை போட்டு, கம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி மீட்டார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

இமாசலத்தில் இதற்கென்று 2004-லிருந்தே தனி விதிகள் இருக்கின்றன. பைலட்டும் கருவியும் சுற்றுலாத் துறையில் பதிவாகியிருக்க வேண்டும். மழைக்காலமான ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறக்கவே தடை. மத்திய அரசும் 2022-ல் தேசிய வான் விளையாட்டுக் கொள்கை வெளியிட்டு, பாராகிளைடிங், ஹேங் கிளைடிங் இரண்டையும் அதில் சேர்த்தது. ஆனால் மலை உச்சியில் உங்கள் தொடைப் பட்டையைச் சரிபார்க்க எந்தத் துறையும் வந்து நிற்பதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

என்ன கேட்பது? பதிவு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல பைலட் கோபித்துக்கொள்ள மாட்டார். அவசர பாராசூட் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஹார்னஸில் கைவைத்துக் காட்டுவார். பட்டைகளில் தொடைப் பட்டையை முதலில் பாருங்கள். நெஞ்சுப் பட்டை மட்டும் மாட்டி, தொடைப் பட்டையை மறந்து கிளம்பிய அனுபவசாலிகளே உண்டு. மேலே போனதும் உடம்பு ஹார்னஸிலிருந்து வழுக்கத் தொடங்கும். உங்களை பைலட்டோடு இணைக்கும் இரண்டு கொக்கிகளும் பூட்டியிருக்கின்றனவா என்று கையால் தொட்டே பார்க்கலாம். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். இறக்கையின் அளவே அதை வைத்துத்தான். பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு அடங்குமா என்று படித்துப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் அடங்காது. கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், மூன்று ஆலு பராத்தாவும் வேண்டாம். ஆளைச் சுழற்றி இறக்கும்போது வெளியே வருவது அதுதான்.

ஆறு அடி உயரத்தில் ஆனந்தம்

பயணியாகப் போவது ஒன்று, கற்றுக்கொள்வது வேறொன்று. மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே காம்ஷெட் என்ற சிற்றூர்; புனேயிலிருந்து லோனாவ்லா போகும் லோக்கல் ரயில் அங்கே நிற்கும். சுற்றிலும் மரமில்லாத புல் குன்றுகள். அக்டோபர் முதல் மே வரை அங்கே பள்ளிகள் நடக்கின்றன. ஆரம்ப வகுப்பு மூன்று நான்கு நாள்.

முதல் நாள் யாரும் பறப்பதில்லை. சமதரையில் இறக்கையை விரித்து, நூல் சிக்கலெடுத்து, முன்பட்டைகளைப் பிடித்து இழுத்து, இறக்கையைத் தலைக்கு மேலே நிறுத்தப் பழக வேண்டும். அது நிற்காது. இடது பக்கம் சாயும். நீங்கள் அதற்குக் கீழே ஓட வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் மடங்கி முகத்தில் விழும். வெயில் ஏற ஏறக் காற்று முரடாகும். பத்தரை மணிக்குப் பயிற்றுநர் நிறுத்திவிடுவார். சாயங்காலம் மறுபடி. நடுவில் முழுக்கக் காத்திருப்பு. ஐ.டி. கம்பெனியில் ஒரு நிமிஷம் சும்மா இருக்காத ஆட்கள் எருமை மேயும் சரிவில் மூன்று மணி நேரம் புல்லைக் கடித்துக்கொண்டு காற்றுக்காக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். ஒருவர் புல் நுனியைப் பிய்த்து விட்டுவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அதைச் செய்வார்கள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சின்னச் சரிவில் ஏற்றுவார்கள். காதில் வாக்கி டாக்கி. ஓடு, ஓடு, கையை மேலே விடு, ஓடு. கால் காற்றில் உதைக்கும். தரையிலிருந்து ஆறு அடி, எட்டு அடி உயரம். சில விநாடிகள். இறங்கியதும் அந்த பதினைந்து கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேடேற வேண்டும். பில்லிங்கில் மூவாயிரம் அடி உயரத்தில் மிதந்தவரைவிட, இந்த எட்டு அடிக்காரர் முகத்தில்தான் சந்தோஷம் அதிகம். அவர் தானே பறந்திருக்கிறார்; மற்றவர் பறக்கவைக்கப்பட்டிருக்கிறார்.

நம்ம ஊரில்?

சென்னையில் நடக்காது. தட்டையான நிலம்; சுற்றிலும் மீனம்பாக்கம், தாம்பரம் விமானப் போக்குவரத்து. இருக்கும் ஒரே பேர்பெற்ற மேடு பரங்கிமலை, அதுவும் ரன்வே வாசலில்!

ஆனால் தமிழ்நாட்டுக்கு இதில் பழைய உறவு உண்டு. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சரிவு ஹேங் கிளைடிங் தளமாகச் சுற்றுலாக் கையேடுகளில் நெடுங்காலம் இடம்பெற்றது. மார்ச் முதல் மே வரை சீசன் என்று போட்டிருப்பார்கள். இன்று அந்தச் சரிவின் கீழே இருப்பது சீகூர் பீடபூமியின் யானை வழித்தடம்; 2020-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழித்தடத்தை உறுதி செய்தது. மேலேயிருந்து இறக்கையோடு வந்து அங்கே இறங்குவதை யானையும் விரும்பாது, வனத்துறையும் விரும்பாது. அது முடிந்த கதையாக இருப்பதே நல்லது.

மிஞ்சுவது ஏலகிரி. பூந்தமல்லி வழியாக பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் நாலரை மணி நேரத்தில், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே போய்விடலாம். அல்லது சென்ட்ரலில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து ஜோலார்பேட்டை. சுமார் 1,100 மீட்டர் உயரம், நாலாபக்கமும் சமவெளிக்குச் சரியும் விளிம்பு. அங்குள்ள சாகச விளையாட்டுச் சங்கம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பாராகிளைடிங் விழா நடத்தியதால்தான் ‘ஏலகிரியில் பறக்கலாம்’ என்ற பேச்சே நம்மூரில் பரவியது. பேச்சு வளர்ந்த அளவுக்குப் பள்ளி வளரவில்லை. வாகமனில் கேரள அரசு 2023-லும் 2024-லும் சர்வதேச பாராகிளைடிங் விழா நடத்தியது. நாம் தேனியைத் தாண்டி அங்கே போய் வரிசையில் நிற்கிறோம்.

ஒரு தளம் அமைக்கப் பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். காற்றுக்கு எதிர்ப்பட்ட சரிவு, கம்பியும் மரமும் இல்லாத இறங்குமிடம், ஆண்டு முழுக்கக் காற்றைக் குறித்துவைக்கும் ஒரு நோட்டு, ‘இன்று இல்லை’ என்று சொல்ல அதிகாரமுள்ள ஓர் ஆள். நான்காவதற்குத்தான் நம்மிடம் பஞ்சம். விடுமுறைக் கூட்டம் வரிசையில் நிற்கும்போது டிக்கெட் கவுன்ட்டரை மூடச் சொல்லும் ஆளுக்கு அரசு பின்னால் நிற்குமானால், ஏலகிரி இருக்கும் திருப்பத்தூர் மாவட்டத்துப் பிள்ளைகளே பைலட்டாகலாம். பீர் கிராமத்துப் பையன்கள் ஆகவில்லையா?

டீக்கடைத் தம்பிக்கு இதையெல்லாம் சொன்னதில் ஒரு விளைவு. பொங்கல் லீவோடு இரண்டு நாள் சேர்த்துக் காம்ஷெட் போகிறார். பள்ளிக்கு போன் போட்டு, அவசர பாராசூட்டைக் கடைசியாக எப்போது பிரித்து மடித்தார்கள் என்று கேட்டிருக்கிறார். மறுமுனையில் ஒரு நிமிஷம் சத்தமில்லையாம். பிறகு தேதியைச் சொன்னார்களாம். வீட்டில் அம்மாவிடம் “புனேல ஒரு டிரெய்னிங்மா, கம்பெனி லீவு குடுத்திருக்கு” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது அவர் கட்சி.